சம்பா கோயிலின் சுவர்

தோழர்களே, அச்சம் வந்தால் கிறித்தவர் செபத்துக்கு ஓடுவார் என்கிறோம். புதுச்சேரிச் சம்பா கோயிலுக்கு ஓடிய பறையர் எதிரே ஒரு சுவர் நின்றது. சாதிக் கிறித்தவரும் வெள்ளையரும் அந்தப் பக்கம். நம்மவர் இந்தப் பக்கம். பூசை மட்டும் ஒன்று!

1745 அக்டோபரில் சேரிகளிலிருந்து திரண்டுபோய்ப் பெரிய பாதிரியாரிடம் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர் கொதித்தனர். இதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவருக்கு நம்மேல் பரிவு கிடையாது. அதனாலேயே அந்தச் சாட்சியம் கனமானது.

மூன்றாண்டில், 1748இல், பாஸ்கவன் படை நகரை முற்றுகையிட்டது. பீரங்கிக்குச் சாதி தெரியாது. ஆயினும் நம்மவர், அந்தப் பீரங்கிக்கு முன்பே, தம் பாதிரியாரிடமே அஞ்சாமல் வழக்குரைத்திருந்தார்கள். அதையும் செபம் என்றே எண்ணுகிறேன்.