மேல்மாடியில் வேலை செய்த பெண்: பேர்மிங்ஹாம், 1978



பெரியம்மை உலகத்தை விட்டு ஒழிந்த கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் வயதுக்காரர் பலரின் மேற்கையில் அம்மைப்பால் குத்திய வட்டத் தழும்பு இன்னமும் இருக்கிறது. பிள்ளைகளின் கையில் அது இல்லை. 1977 ஒக்ரோபரில் சோமாலியாவின் மெர்க்கா என்ற ஊரில், வைத்தியசாலைச் சமையற்காரர் அலி மாவ் மாலினுக்கு வந்ததுதான் இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை. அவர் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்காவது ஒரு மூலையில் நோய் மிஞ்சியிருக்கிறதா என்று உலக சுகாதார நிறுவனம் இரண்டு வருடம் பொறுத்திருந்து பார்த்தது.

அப்படிப் பொறுத்திருந்த காலத்தில்தான், அடுத்த வருடமே, பெரியம்மை திரும்பி வந்தது. வந்த இடம் ஆபிரிக்காவும் அல்ல, எங்கள் பக்கமும் அல்ல. இங்கிலாந்தின் இரண்டாவது பெரிய நகரமான பேர்மிங்ஹாமின் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி.

ஜெனற் பாக்கர் என்ற பெண்ணுக்கு அப்போது வயது 40. அவர் வைத்தியரும் அல்ல, விஞ்ஞானியும் அல்ல. மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் பகுதியில் படப்பிடிப்பாளராக வேலை செய்தவர். படம் எடுப்பதும் இருட்டறையில் அதைக் கழுவி எடுப்பதும்தான் அவருடைய வேலை. அவருடைய பகுதிக்கு நேர் கீழ்மாடியில் பேராசிரியர் ஹென்றி பெட்சன் நடத்திய பெரியம்மை ஆய்வுகூடம் இருந்தது. ஒரே கட்டடம், ஒரே வாசல். ஆனால் கீழே உள்ளவர்களுக்கு இருந்த எச்சரிக்கைகளும் அடிக்கடி ஏற்றப்பட்ட அம்மைப்பாலும் மேலே உள்ளவர்களுக்கு இருக்கவில்லை. ஜெனற் கடைசியாக அம்மைப்பால் ஏற்றிக்கொண்டது 1966இல். 12 வருடம் கழிந்தால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் தேய்ந்துவிடும்.

1978 ஓகஸ்ட் 11ஆம் திகதி அவருக்குத் தலையிடியும் உடம்பு நோவும் தொடங்கின. சில நாட்களில் தோலில் பருக்கள் போட்டன. கொப்புளிப்பானாக இருக்கலாம், அல்லது குடித்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் வந்ததாக இருக்கலாம் என்று பார்த்த வைத்தியர்கள் எண்ணினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகத்திலேயே இல்லாத ஒரு நோயை யார் எதிர்பார்ப்பார்கள்? ஆனாலும் ஒரு கேள்வி யாருக்கும் தோன்றவில்லை. "நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள், அந்தக் கட்டடத்தில் வேறு என்ன நடக்கிறது?" இதைக் கேட்டிருந்தால் இரண்டு கிழமை மிச்சமாகியிருக்கும்.

நோய் கூடியதும் ஜெனற் தாய் தகப்பனின் வீட்டுக்குப் போய்விட்டார். அவர்கள்தான் பராமரித்தார்கள். ஓகஸ்ட் 24ஆம் திகதி கிழக்கு பேர்மிங்ஹாம் வைத்தியசாலையில் சேர்த்தபோது நடக்கவும் முடியாத நிலை. அங்கே தொற்றுநோய் நிபுணரான பேராசிரியர் அலஸ்டெயர் கெடிஸ் அவரைப் பார்த்தார். கொப்புளங்களின் தன்மையையும் வேலையிடத்தையும் சேர்த்து யோசித்தவர் அவர்தான். கொப்புள நீரை எடுத்துக்கொண்டு பெட்சனிடமே போனார்கள், அந்த ஊரில் அதைப் பார்த்துச் சொல்லத் தகுதியானவர் பெட்சன்தானே. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தெரிந்தவை செங்கல் வடிவத் துணிக்கைகள். அம்மைக் குடும்பத்து வைரசுகளின் அடையாளம் அது. தன் ஆய்வுகூடத்துக்கு மேல்மாடியில் இருந்தவரின் உடம்பிலிருந்து வந்ததை அந்த மனிதர் தன் கண்ணாலேயே பார்க்க நேர்ந்தது.

அன்றிரவே ஜெனற்றை சோலிஹல்லுக்கு அருகே உள்ள கத்தரின்-டி-பான்ஸ் தனிமை வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். அவரோடு பழகியவர்கள் எல்லோரையும் தேடிப் பிடித்து அம்மைப்பால் ஏற்றினார்கள். நூற்றுக்கணக்கானோர் வீடுகளுக்குள் முடக்கப்பட்டார்கள். 2020இல் நாங்கள் எல்லோரும் அனுபவித்த முடக்கம் அந்த ஊரில் சிலருக்கு 42 வருடம் முன்பே நடந்தது.

பிறகு நடந்தவற்றைத் திகதிவாரியாகச் சொல்லிவிடுகிறேன், விபரிக்க மனம் வரவில்லை. செப்ரெம்பர் 5ஆம் திகதி, தனிமைப்படுத்தப்பட்டிருந்த ஜெனற்றின் தகப்பன் இறந்தார். மாரடைப்பு என்று கருதப்பட்டது. தொற்றுப் பயத்தால் பிரேத பரிசோதனை செய்யவில்லை. தன் வீட்டில் தனிமையில் இருந்த பேராசிரியர் பெட்சன் தன் உயிரைத் தானே மாய்க்க முயன்று, செப்ரெம்பர் 7ஆம் திகதி வைத்தியசாலையில் இறந்தார். அதே நாட்களில் ஜெனற்றின் தாய்க்கும் பெரியம்மை கண்டது. உடனே ஏற்றிய அம்மைப்பால் காரணமாக அது இலேசாகவே வந்து போனது. செப்ரெம்பர் 11ஆம் திகதி, நோய் தொடங்கிச் சரியாக ஒரு மாதத்தில், ஜெனற் இறந்தார். பெரியம்மையால் இறந்த கடைசி மனிதர் என்று உலக வரலாறு பதிந்துவைத்திருக்கும் பெயர் அவருடையது. தாய் செப்ரெம்பர் 22ஆம் திகதி வெளியே வந்தபோது புருசனும் இல்லை, மகளும் இல்லை.

இனி, இது ஏன் நடந்தது என்ற விசயத்துக்கு வருவோம். எனக்கு இதில் ஈடுபாடு வந்ததே இங்கேதான்.

அரசாங்கம் பேராசிரியர் சூட்டர் என்பவரின் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. ஜெனற்றின் உடம்பில் இருந்த வைரசு "அபித்" என்ற வகை என்று கண்டார்கள். 1970இல் நோய் கண்ட ஒரு பாகிஸ்தானியச் சிறுவனின் பெயர் அது. அந்த வகையை ஆய்வுகூடத்தில் யூலை 24, 25ஆம் திகதிகளில் கையாண்டிருக்கிறார்கள். நோய் தெரியத் தொடங்கிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பொருந்துகிறது. ஆனால் கீழே இருந்தது மேலே எப்படிப் போனது? ஆளிலிருந்து ஆளுக்குப் போயிருக்கலாம், பொருட்களோடு போயிருக்கலாம், காற்றில் போயிருக்கலாம் என்று மூன்று வழிகளைக் குழு சொன்னது. அதில் காற்று வழிக்கே அதிக இடம் கொடுத்தது. குழாய்களும் கம்பிகளும் போகும் ஒரு துவாரவழி, கீழ்மாடியிலிருந்து மேலே தொலைபேசி இருந்த ஓர் அறைக்குப் போயிற்று.

யூலை 25ஆம் திகதி ஜெனற் தன் இருட்டறையை விட்டு அந்தத் தொலைபேசி அறைக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார். ஏன் தெரியுமா? நிதியாண்டு முடியப்போகிறது. மிச்சக் காசு திரும்பிப் போவதற்குள் படச் சுருள்களுக்கும் பொருட்களுக்கும் ஓடர் கொடுக்க வேண்டும்.

30 வருடமாகக் கணக்கு எழுதுபவன் நான். ஆண்டு முடிவில் எந்த அலுவலகத்திலும் நடக்கும் ஓட்டம் இது. பட்ஜெட்டில் மிஞ்சியதை முடிக்காவிட்டால் அடுத்த வருடம் வெட்டிவிடுவார்கள் என்ற பயம் எல்லா இடத்திலும் உண்டு. அந்த அறிக்கையைப் பற்றி வாசித்தபோது இந்த ஒரு விபரம்தான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

கீழ்மாடியிலும் ஒரு கெடு இருந்தது. பெரியம்மை வைரசு வைத்திருக்கும் ஆய்வுகூடங்களை உலகெங்கும் குறைத்துவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கொள்கை. பெட்சன் தன்னுடைய இடத்துக்கு அங்கீகாரம் கேட்டார், கிடைக்கவில்லை. 1978 முடிவில் வேலையை நிறுத்த வேண்டும் என்றாயிற்று. ஆகவே முடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று வேலை கூடியது. அந்த வருடம் மே மாதம் பார்க்க வந்த உலக சுகாதார நிறுவனத்தார் அங்கே உள்ள பாதுகாப்பு வசதி போதாது என்று கவலை தெரிவித்திருந்தார்கள். பெட்சன் அசட்டையான ஆள் என்று நான் நினைக்கவில்லை. பெரியம்மை ஒழிந்தபின் அதை ஒத்த வைரசு ஏதும் மிருகங்களில் ஒளிந்திருக்கிறதா என்று அறிவதற்கு உதவும் ஆராய்ச்சி அவருடையது. நல்ல நோக்கம்தான். ஆனால் நல்ல நோக்கம் வைரசைத் தடுக்காது. பாதுகாப்புப் பெட்டிக்குள் செய்ய வேண்டிய சில வேலைகளை வெளியில் செய்திருக்கிறார்கள் என்று விசாரணைக் குழு எழுதியது.

முன்னெச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 1966இல் அதே மருத்துவக் கல்லூரியில் வேலை செய்த இன்னொரு படப்பிடிப்பாளருக்கு இலேசான பெரியம்மை வந்திருந்தது. எட்டுக் கிழமைவரை அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பிராந்தியத்தில் குறைந்தது 12 பேருக்கு அது பரவியது. ஒரே கல்லூரி, ஒரே தொழில்! அப்போது முறையான விசாரணை நடந்ததாகப் பதிவு இல்லை. 1973இல் லண்டனில் வெப்பவலய மருத்துவக் கல்லூரியின் ஆய்வுகூட உதவியாளர் ஒருவருக்குப் பெரியம்மை தொற்றியது. வைத்தியசாலையில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளியைப் பார்க்க வந்த இரண்டு பேர் அதனால் இறந்தார்கள். அதன்பிறகுதான் ஆபத்தான கிருமிகளுக்கான ஆலோசனைக் குழுவை அமைத்தார்கள். அந்தக் குழு பேர்மிங்ஹாம் ஆய்வுகூடத்தைப் பார்வையிட்டு, தொடர்ந்து நடத்தலாம் என்று விட்டுவிட்டது. ஒடிட் செய்பவன் கையெழுத்து வைத்தபிறகு கடை முறிந்த கதைகள் எங்கள் தொழிலிலும் உண்டு, அதனால் இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

சூட்டர் அறிக்கை உடனே வெளியிடப்படவில்லை. வழக்கு நடக்கப்போகிறது என்பது காரணம். 1979 யனவரியில் அதைப் பகிரங்கப்படுத்தியது ஒரு தொழிற்சங்கம்: விஞ்ஞான, தொழில்நுட்ப, முகாமைத்துவ ஊழியர்களின் சங்கம். அதன் பொதுச்செயலாளர் கிளைவ் ஜென்கின்ஸ். தொழிற்சங்கம் என்றால் சம்பளத்துக்குச் சண்டை பிடிப்பது மட்டும்தான் என்று எம்மவரில் பலர் நினைக்கிறார்கள். சந்தாக் காசு வீண் என்று சேராமல் இருப்பவர்களையும் தெரியும். இங்கே உண்மையை வெளியே கொண்டுவந்தது அந்தச் சந்தாக் காசுதான்.

சுகாதார பாதுகாப்பு நிறைவேற்றகம் 1974ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பல்கலைக்கழகத்தின்மேல் வழக்குப் போட்டது. 1979 இறுதியில் பேர்மிங்ஹாம் நீதவான் நீதிமன்றத்தில் விசாரித்தார்கள். அந்தத் துவாரவழியால் நோய் தரக்கூடிய அளவு வைரசு மேலே போயிருக்க முடியாது என்று எதிர்த்தரப்பு நிபுணர்கள் வாதாடினார்கள். பல்கலைக்கழகம் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பாயிற்று. வைரசு அந்த ஆய்வுகூடத்துடையது என்பதில் சந்தேகம் இல்லை. எந்த வழியால் ஜெனற்றை அடைந்தது என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

இந்தத் தீர்ப்பில் எங்களுக்கு ஒரு விசயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமியால் வேலையிடத்தில் நோய் வந்தால், எந்த நாள், எந்த வழி, எந்தக் காற்று என்று காட்டுவது மிகவும் கடினம். இயந்திரத்தில் கை அகப்பட்டால் சாட்சி இருக்கும். கிருமிக்குச் சாட்சி பதிவேடு மட்டும்தான். யூலை 24, 25 என்று திகதியை எழுதி வைத்திருந்தபடியால்தான் அந்த அளவுக்காவது கண்டுபிடித்தார்கள்.

1981இல் ஆபத்தான கிருமிகளை வைத்திருப்பவர்கள் அதை அறிவிக்க வேண்டும் என்று ஒழுங்குவிதிகள் வந்தன. இன்றைய பிரித்தானிய விதிகளின்படி, ஆபத்தான கிருமிகளோடு வேலை செய்வோரின் பெயர்ப்பட்டியலை முதலாளி வைத்திருக்க வேண்டும். நோய் நீண்டகாலம் மறைந்திருக்கக் கூடியதானால் 40 வருடம் வைத்திருக்க வேண்டும். கம்பனிக் கணக்குப் புத்தகங்களை வரிக்காரருக்காக 6 வருடம் வைத்திருந்தால் போதும், ஒப்பிட்டுப் பாருங்கள். தடுப்பூசி உள்ள கிருமியானால், ஆபத்துக்கு உட்பட்ட ஊழியருக்கு அதை இலவசமாகக் கொடுக்கவும் வேண்டும். ஆய்வுகூட மேசையில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் அல்ல, அங்கே துடைக்கப் போகிறவர்களுக்கும் குப்பை எடுக்கப் போகிறவர்களுக்கும் ஆபத்து என்ன என்று சொல்ல வேண்டும்.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அகதியாக வந்த காலத்தில் எங்களில் எத்தனை பேர் இரவில் வைத்தியசாலைகளிலும் கல்லூரிகளிலும் துப்புரவு வேலை செய்தோம். கதவில் மஞ்சள் முக்கோணம் ஒட்டியிருக்கும். உள்ளே என்ன என்று கேட்டால் வேலை போய்விடும் என்று கேட்க மாட்டோம். இப்போது எங்கள் பிள்ளைகள் உயிர்த் தொழில்நுட்பம் படித்துவிட்டு அதே கதவுக்கு உள்ளே வேலை செய்கிறார்கள். வெளியே துடைக்கும் வாளியோடு நிற்பது நேற்று வந்த வேறு ஒரு நாட்டு அகதி.

பேர்மிங்ஹாமுக்குப் பிறகு, பெரியம்மை வைரசு வைத்திருந்த ஆய்வுகூடங்கள் ஒவ்வொன்றாக அதை அழித்தன அல்லது ஒப்படைத்தன. 1980 மே மாதம் உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டது என்று அறிவித்தார்கள். அறிவிக்கப்பட்ட இருப்பு இன்று இரண்டு இடங்களில்தான் உண்டு. ஒன்று அமெரிக்காவின் அட்லாண்டா, மற்றது ரஷ்யாவின் கொல்ற்சோவோ. அவற்றையும் அழிப்பதா வைத்திருப்பதா என்ற வாக்குவாதம் பல வருடங்களாக முடியவில்லை.

நீதிமன்றத்தில் வென்ற பல்கலைக்கழகம் கடைசியில் காசு கொடுக்க வேண்டி வந்தது. தொழிற்சங்கம் ஜெனற்றின் கணவர் சார்பில் நட்டஈடு கேட்டிருந்தது. 1981 ஓகஸ்டில் அவருக்குக் கிடைத்தது 25,000 பவுண்.