உரைகல் காட்டாதது

நற்றிணையின் 25ஆம் பாட்டில் ஒரு தும்பி வருகிறது. பூந்தாதில் புரண்டு எழுந்த அந்தக் கருவண்டு, பொன்னை உரைத்த கல்லின் நிறம் பெற்றதாகப் புலவர் பாடுகிறார். குறுந்தொகை 192இல் மாம்பூவின் தாதைக் கோதும் கருங்குயில் அதே கல்லாகிறது. இரண்டு பாட்டுக்கும் பொருள் காதல். பொன் வாணிகத்துக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் கேட்பவருக்குக் கட்டளைக்கல்லை விளக்க வேண்டிய தேவை புலவருக்கு இருக்கவில்லை. கறுப்புக் கல்லும் அதன்மேல் மஞ்சள் கோடும் எல்லாருக்கும் தெரிந்த காட்சியாக இருந்திருக்கின்றன. வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், வண்ணக்கன் சோருமருங்குமரனார் என்று சங்கப் புலவர் வரிசையிலேயே வண்ணக்கர் பலர் உண்டு. காசின் தரம் பார்ப்பது வண்ணக்கர் தொழில். பகலில் பொன்னின் நிறம் பார்த்துப் பழகிய கண் மாலையில் குயிலின் சிறகைப் பார்த்தால் இப்படித்தான் தோன்றும் என்று எண்ணிக்கொள்வது எனக்குப் பிடிக்கும். இதற்குச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை.

உரைகல்லுக்கு வேண்டிய குணங்கள் சில. பொன்னைவிடக் கடினமாக இருக்க வேண்டும். அப்போதுதான் உரசும்போது கல் தேயாமல் பொன் தேயும். மணி நுண்ணியதாக இருக்க வேண்டும். அமிலம் பட்டால் பொங்கவோ கரையவோ கூடாது. நிறம் கறுப்பாக இருந்தால் நல்லது. சிலிக்கா மிகுந்த கறுப்புக் கற்களில் இவையெல்லாம் பொருந்துகின்றன. கிரேக்கத் தியோபிராஸ்டஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கற்களைப் பற்றிய தம் நூலில் இப்படி ஒரு கல்லைப் பேசுகிறார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் கலிங்கத்துக் கல்லையும் தாபி ஆற்றுக் கல்லையும் சொல்லி, பச்சைப்பயற்றின் நிறமுள்ளதே சிறந்தது என்கிறது. நம் ஆசாரிகள் கையில் கறுப்புக் கல்தான் நிலைத்தது.

கல்லில் நகையை உரசி, பக்கத்திலேயே தரம் தெரிந்த உரையாணியை உரசி, இரண்டு கோட்டையும் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். முறை என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் ஒரே வரிசை ஆணி போதாது. பொன்னில் செம்பு சேர்ந்தால் நிறம் சிவக்கும். வெள்ளி சேர்ந்தால் வெளுத்துப் பச்சை தட்டும். இரண்டையும் அளவறிந்து சேர்த்தால் சிவப்பும் வெளுப்பும் ஒன்றையொன்று அடக்கி, தரம் இறங்கிய பிறகும் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். அதனால் செம்பு கலந்த ஆணிகள் ஒரு வரிசை, வெள்ளி கலந்தவை ஒரு வரிசை, இரண்டும் கலந்தவை இன்னொரு வரிசை என்று வைத்துக்கொண்டார்கள். அமிலம் வந்த பிறகு கண்ணுக்கு ஒரு துணை கிடைத்தது. கோட்டின்மேல் நைட்ரிக் அமிலம் ஒரு துளி விட்டால் பித்தளைக் கோடு பொங்கி மறையும், பொன் நிற்கும். தரம் உயர உயர அதோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சிறிது சேர்க்க வேண்டும். தேர்ந்த கண் இப்படி நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு வேறுபாட்டைப் பிடித்துவிடும். கையளவு கல்லுக்கு இது சாதாரணத் திறமை அன்று.

கல்லில் ஒட்டிய பொன்னையும் விடுவதில்லை. மெழுகை ஒற்றி எடுத்துச் சேர்த்து வைப்பார்கள். மெழுகை எரித்தால் பொன் மிஞ்சும். பட்டறைத் தூசியையும் பட்டறைத் தெருவின் சாக்கடை மண்ணையும் விலைக்கு வாங்கி அரித்துப் பிழைப்பவர்கள் இருப்பதும் இதனால்தான். பொன் துருப்பிடிப்பதில்லை, எத்தனை ஆண்டு சேற்றில் கிடந்தாலும் எடை குறையாமல் திரும்பக் கிடைக்கும்.

கல்லின் குறை ஒன்றுதான், ஆனால் பெரிது. அது மேல்தோலை மட்டுமே பார்க்கும். பழைய முறையில் நகைக்கு நிறம் ஏற்றும்போது உப்பு, படிகாரம், வெடியுப்பு மூன்றையும் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். மேற்பரப்பில் உள்ள செம்பு கரைந்துபோய், தோல் மட்டும் உள்ளிருப்பதைவிட உயர்ந்த பொன்னாகிவிடும். இது ஏமாற்று அன்று, மெருகு. ஆனால் அரத்தால் ஒரு கீறு கீறாமல் உரசினால் கல் அந்த மெருகின் தரத்தைத்தான் சொல்லும். ஏமாற்ற நினைத்தவர்கள் இன்னும் எளிதாகச் செய்தார்கள். பொன்னைப்போல் விரியும் உலோகம் வேறில்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டும் பொன்தாளைப்போல மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கும் தட்டலாம், அதை விளக்கின்முன் பிடித்தால் ஊடுருவும் ஒளி பச்சையாகத் தெரியும். இந்தக் குணம் தெரிந்தவன் வெள்ளிக் கட்டியின்மேல் தடித்த பொன்தகட்டை மூடினால், உரைகல் பத்தரை மாற்று என்றே சாட்சி சொல்லும். தகட்டை மடித்து மூடுவதையும் நிறுவையில் ஏய்ப்பதையும் வேறு உலோகத்தை மாற்றி வைப்பதையும் அர்த்தசாஸ்திரம் பொற்கொல்லர் திருட்டுகளாகப் பட்டியலிடுகிறது. அந்த அதிகாரத்தைப் படித்தால், எழுதியவர் ஒருமுறையாவது நன்றாக ஏமாந்தவரோ என்று தோன்றும்.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் பொற்கடை வீதி வருகிறது. சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்று நால்வகைப் பொன். வாங்குபவர் மயங்காதபடி வகை தெரிந்தவர்கள் கொடி எடுத்து அடையாளம் காட்டுகிறார்கள். பொன்னுக்கு இத்தனை ஒழுங்கு இருந்த ஊரில்தான் கோவலன் கொண்டுவந்த சிலம்பை எவரும் சோதிக்கவில்லை. வெளித்தோற்றத்தில் இரண்டு சிலம்பும் ஒன்றுபோல் இருந்தன. கண்ணகி உடைத்த பிறகே உள்ளிருந்த பரல் முத்தல்ல, மாணிக்கம் என்று பாண்டியனுக்குத் தெரிந்தது. இளங்கோவடிகள் பொன் சோதனை பற்றிப் பேச வந்தவர் அல்லர். என்றாலும் மேலே பார்த்துத் தீர்ப்புச் சொல்வதன் ஆபத்துக்கு இதைவிடக் கொடிய சான்றை நான் அறியேன்.

உரைகல்லின் இந்தக் குறையை நிறுவை ஓரளவு ஈடுசெய்கிறது. முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் 29ஆம் ஆண்டு வரை தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்தவற்றைக் கல்வெட்டுகள் எடை சொல்லியே பதிவு செய்கின்றன. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல், மணிகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல். இரண்டும் இறைவன் பெயர்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. எடையோடு தரமும் சொல்லப்படுகிறது. தண்டவாணி என்னும் அளவுகோல் பொன்னைவிட இத்தனை மாற்றுக் குறைவு, இத்தனை மாற்று மிகுதி என்று கால் மாற்றுக் கணக்குவரை வரும். மணி கோத்த நகைகளில் சரடையும் சட்டத்தையும் செப்பாணியையும் நீக்கி எடை எடுத்ததையும் குறிக்கிறார்கள். பழைய நகையை விற்கப் போய், கல்லுக்கும் அரக்குக்கும் கடைக்காரர் எவ்வளவு கழித்தார் என்று தெரியாமல் திரும்பும் இன்றைய வாடிக்கையாளருக்கு இந்தக் கல்வெட்டுகளை வாசித்துக் காட்டலாம். அரசன் கொடுத்த பொன்னுக்கே கழிவு கல்லில் எழுதப்பட்டது.

நீரில் நிறுப்பது நிறுவையின் அடுத்த படி. சைரக்யூஸ் மன்னன் ஹீரோனின் மகுடத்தை ஆர்க்கிமிடீஸ் சோதித்த கதையை விட்ருவியஸ் சொல்லி எல்லாரும் அறிவோம். பொன்னின் அடர்த்தி 19.3, வெள்ளிக்கு 10.5, பித்தளைக்கு ஏறக்குறைய 8.5. எட்டு கிராம் தூய பொன்னை நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுத்தால் 0.41 கிராம் குறையும். செம்பு கலந்த 22 காரட் என்றால் 0.46 அளவில் வரும். முலாம் பூசிய வெள்ளி 0.76 காட்டும், பித்தளை 0.94. ஒரு சவரன் நாணயத்துக்கு இது அருமையான சோதனை. உள்ளே அரக்கு நிரப்பிய வளையலுக்கோ கல் பதித்த அட்டிகைக்கோ பயன்படாது. பொன்னைப்போல் கனத்த மலிவான உலோகம் கிடைத்துவிட்டால் நாணயத்திலும் பயன்படாது. 19ஆம் நூற்றாண்டில் பிளாட்டினம் பொன்னைவிட மலிவாக இருந்தபோது அதற்கு முலாம் பூசிக் கள்ளக்காசு அடித்தார்கள். இன்று அந்த இடத்தில் டங்ஸ்டன் இருக்கிறது, அடர்த்தி 19.25.

கடைசியில் மிஞ்சுவது நெருப்பு. வள்ளுவர் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தில் கட்டளைக்கல்லையும், தவத்தைச் சொல்லும் அதிகாரத்தில் சுட்ட பொன்னையும் வைத்தார். கல் பார்க்க மட்டுமே செய்யும், நெருப்பு பொருளையே மாற்றிவிடும் என்ற வேறுபாடு அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. பொன்னின் உருகுநிலை 1064 டிகிரி செல்சியஸ். எவ்வளவு காய்ச்சினாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைத் தொடுவதில்லை. செம்பு கறுத்துப் பிரிகிறது. ஆனால் வெள்ளியும் நெருப்புக்கு எளிதில் அசையாது. அதைப் பிரிக்கப் பழங்காலத்தார் பொன்னை மெல்லிய தகடாக்கி, உப்பையும் செங்கல் பொடியையும் மாற்றி மாற்றி அடுக்கிப் புடம் போட்டார்கள். உப்பு வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும், செங்கல் பொடி அதை உறிஞ்சும். துருக்கியிலுள்ள பழைய லிடியத் தலைநகர் சார்டிஸில் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் இந்த முறையில் பொன் சுத்திகரித்த பட்டறையையே அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள்.

சோதனைச் சாலையில் இன்றும் கடைசித் தீர்ப்பு நெருப்புடையதே. நகையிலிருந்து வெட்டிய துணுக்கை ஈயத்தகட்டில் சுருட்டி, எலும்புச் சாம்பலால் செய்த கிண்ணத்தில் வைத்து உலையில் இடுவார்கள். ஈயம் ஆக்சைடாகும்போது செம்பையும் மற்ற மட்ட உலோகங்களையும் சேர்த்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிவிடும். பொன்னும் வெள்ளியும் ஒரு மணியாக மிஞ்சும். வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். ஆனால் பொன் மிகுந்திருந்தால் அது வெள்ளியைப் போர்த்திக் காத்துவிடும், அமிலம் உள்ளே புகாது. ஆகவே முன்கூட்டியே, பொன் நாலில் ஒரு பங்காக இறங்கும்வரை வெள்ளியைக் கூடுதலாகச் சேர்த்தே உலையில் வைக்கிறார்கள். தூய்மையை அளக்க முதலில் அதைக் கெடுக்க வேண்டியிருக்கிறது! பின்பு வெள்ளி முழுதும் கரைந்து பழுப்பாகக் கிடக்கும் பொன்னைச் சுட்டால் மஞ்சள் திரும்பும். அதை நிறுத்தால் பத்தாயிரத்தில் சில பங்கு வரை துல்லியமான விடை. துணுக்கு என்னவோ போனது போனதுதான்.

வீட்டுச் சோதனைகளில் பெரும்பாலானவை சந்தேகத்துக்குரியவை. பல்லால் கடித்துப் பார்ப்பது சினிமாவுக்கு அழகு. பொன் பல்லைவிட மெத்தென்றிருப்பது உண்மைதான், ஆனால் ஈயம் பொன்னைவிட மெத்து. முலாம் பூசிய ஈயத்திலும் பல் பதியும். காந்தம் இரும்பைத்தான் காட்டிக்கொடுக்கும், செம்பையும் வெள்ளியையும் காட்டிக்கொடுக்காது. சங்கிலி பட்ட கழுத்து கறுத்தால் நகை போலி என்று பதற வேண்டாம். 22 காரட்டில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்குமேல் செம்பும் வெள்ளியும் இருக்கின்றன. வியர்வைக்குக் கறுப்பது அவை. பூந்திக்கொட்டை ஊறிய நீரில் நகையைக் கழுவும் பழக்கம் பொருத்தமானது, அதன் நுரை அழுக்கை எடுக்கும், உலோகத்தைத் தின்னாது. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். உடைந்த வெப்பமானியின் பாதரசம் மோதிரத்தில் பட்டால் பொன் அதை உறிஞ்சி வெளுத்துவிடும். அடுப்பில் காட்டினால் நிறம் திரும்பும் என்று வீட்டில் முயலக் கூடாது; எழும் ஆவி நஞ்சு.

ஆவி என்றதும் கே.டி.எம். நினைவுக்கு வருகிறது. பழைய பற்றவைப்பில் செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்வதால் இணைப்பு உள்ள இடத்தில் மாற்றுக் குறையும். காட்மியம் சேர்த்த கே.டி.எம். பற்றவைப்பில் அந்தக் குறை குறைவு. காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், பொன் பெரும்பாலும் பொன்னாகவே மிஞ்சும். ஆவியானது எங்கே போனது என்பதை ஊதுகுழலில் குனிந்திருந்த ஆசாரிகளின் நுரையீரல் அறியும். வாங்குபவருக்கு வந்த தூய்மைக்கு அவர்கள் கொடுத்த விலை எந்த ரசீதிலும் ஏறவில்லை.

இந்தியாவில் ஹால்மார்க் முத்திரை 2000இல் தொடங்கி, 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க அடையாள எண் இல்லாத நகையைக் கடைகள் விற்கக் கூடாது. கடைகளில் எக்ஸ்-கதிர் கருவியும் வந்துவிட்டது. நகையை வைத்தால் நொடிகளில் திரையில் எண் ஓடுகிறது, எதையும் உரச வேண்டாம், எதுவும் தேயாது. நல்ல கருவிதான். ஆனால் பொன்னுக்குள் அதன் பார்வை மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவே இறங்கும். தடித்த தகடு போர்த்திய கட்டியின்முன் அதுவும் உரைகல்லின் நிலையில்தான் நிற்கிறது. ஹால்மார்க் மையங்களும் கருவியில் பார்ப்பதோடு நிறுத்தாமல், மாதிரி எடுத்து ஈயத்தில் சுருட்டி உலையிலும் பார்க்கின்றன.

முத்திரையில்லாத பாட்டி காலத்து நகையை விற்கப் போகிறவர், உருக்குவதற்கு முன்னும் பின்னும் தராசின் அருகில் நிற்பது நல்லது. கல்லும் அரக்கும் எடுத்த பிறகு ஒரு எடை, உருக்கியபின் ஒரு எடை. கட்டியை மேலே ஓரிடத்திலும் வெட்டிய உட்புறத்திலும் உரசச் சொல்லிக் கேட்கலாம். தொழில் தெரிந்த ஆசாரி இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். தாம் வாங்கும்போது அவரும் அப்படித்தான் பார்ப்பார்.