காலியான பள்ளிக்கூடம் யாருடையது?

போன வாரம் ராகி அறுப்புக்கு ஆள் சொல்ல, பாப்பாரப்பட்டியில இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு குக்கிராமத்துக்குப் போனேன். வழியில ஒரு தொடக்கப்பள்ளி. ரெண்டு அறை, ஒரு புங்கமரம், சத்துணவுக் கூடம். பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிடலாம். கூட வந்தவர் சாதாரணமாத்தான் சொன்னார்: "இதை மூடிட்டு மூட்டை அடுக்குற குடோனா குடுத்தா ஊருக்கு உபயோகமா இருக்கும்ல?" பக்கத்துல நின்ன பெரியவருக்குக் கோபம் வந்துடுச்சு. "எங்கப்பன் கல்லு சுமந்து கட்டுனதுடா அது. மூட்டை அடுக்கவா சுமந்தாரு?" அவ்வளவுதான், அறுப்புப் பேச்சு அங்கேயே நின்னு போச்சு.

நகரத்துல இருக்கிறவங்களுக்கு இது சின்னச் சண்டையாத் தெரியலாம். ஆனா அந்தப் பெரியவர் சொன்னதுல தமிழ்நாட்டோட எழுபது வருஷக் கதை இருக்குங்க.

1953-ல ராஜாஜி ஆட்சியில கொண்டு வந்த தொடக்கக் கல்வித் திட்டத்துல, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பாதி நேரம்தான். மீதி நேரம் அப்பன் செய்யுற தொழிலைக் கத்துக்கணும். குலக்கல்வின்னு பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. 1954-ல காமராஜர் முதலமைச்சரானதும் அதைக் கைவிட்டார். 300 பேர் இருக்கிற ஊருக்கு ஒரு மைல் தூரத்துக்குள்ள ஒரு பள்ளின்னு கணக்கு வச்சு வேலை நடந்தது. பசியோட வர்ற பிள்ளைக்குப் பாடம் ஏறாதுன்னு 1956-ல எட்டயபுரத்துல மதிய உணவு தொடங்குச்சு.

அரசாங்கத்துகிட்ட அப்போ அவ்வளவு பணம் இல்லை. கல்வித்துறை இயக்குநரா இருந்த நெ.து.சுந்தரவடிவேலு, 1958-ல இருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊர்க்காரங்க நிலம் குடுத்தாங்க, பெஞ்சு செஞ்சு குடுத்தாங்க, சீருடை தைச்சுக் குடுத்தாங்க. முடியாதவங்க உடம்பு உழைப்பைக் குடுத்தாங்க. ஆவணத்துல அது அரசுப் பள்ளி. ஊர் மனசுல அது நம்ம கட்டுன பள்ளி. இந்த ரெண்டும் இன்னைக்கு மோதுற இடம்தான் அந்தப் புங்கமரத்தடி.

சரி, பிள்ளைகள் எங்கே போனாங்க? ஒண்ணு, பிறப்பே குறைஞ்சிடுச்சு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல ஒரு பெண்ணுக்குச் சராசரியா 1.8 குழந்தைதான். ரெண்டு, எங்க தருமபுரியில மழை பொய்ச்சா குடும்பத்தோட பெங்களூரு, திருப்பூர்னு வேலைக்குக் கிளம்பிடுவாங்க. மூணு, மஞ்சள் வேன். 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகள்ல 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அந்தச் செலவை அரசே ஈடுகட்டணும்னு சொல்லுது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நல்லதுதான். ஆனா அதே பிள்ளை கிராமத்துப் பள்ளியோட பதிவேட்டுல இருந்து கழியுதே.

இது 2019-ல வெளிப்படையா வெடிச்சது. ஒரு மாணவர்கூட இல்லாத 46 அரசுத் தொடக்கப்பள்ளிகளைத் தற்காலிகமா நூலகமா மாத்தப் போறதா அரசு அறிவிச்சது. பள்ளியை மூடலை, பிள்ளைகள் வந்தா மறுபடி நடத்துவோம்னு அப்போ அரசு சொன்னது. ஆசிரியர் சங்கங்களும் எதிர்க்கட்சிகளும் ஒத்துக்கலை. புத்தகம் வர்றது நல்லதுதான், ஆனா ஐந்து வயசுப் பிள்ளைக்கு நடந்து போற தூரத்துல வகுப்பு வேணும்னாங்க.

ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தது. பூட்டிக் கிடக்கிற கட்டடம் கரையான் புடிச்சு, சீட்டாட்ட மடமா ஆகுறதுக்கு நூலகம் எவ்வளவோ மேல். ஆனா ஒரு தடவை பள்ளிங்கிற பேரு போயிட்டா திரும்ப வராதுங்கிற பயமும் பொய்யில்லை.

அந்த ஆகஸ்ட்ல புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர்ல நடந்தது எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது. அங்கே தொடக்கப்பள்ளி நூலகமாச்சு. அதுவரைக்கும் பேசாம இருந்த ஊர், பலகையைப் பார்த்ததும் பதறிடுச்சு. அதிகாரிகளும் பெற்றோர்கிட்ட பேச, பதினோரு பிள்ளைகளைச் சேர்த்தாங்க. சில நாள்லயே மறுபடி பள்ளி திறந்துச்சு. ஆணை போட்டு மூடுன கதவைத் திறக்கப் பதினோரு பிள்ளைகள் போதுமா இருந்தாங்க.

ஜப்பான்லயும் இதே பிரச்சினைதான், இன்னும் பெரிசா. அங்கே கொச்சி மாநிலம் முரோத்தோவுல 2006-ல மூடுன ஒரு தொடக்கப்பள்ளியை 2018-ல மீன் காட்சியகமா மாத்தினாங்க. நீச்சல் குளத்துலயே மீன்கள் நீந்துது. காலியான பள்ளிகளுக்குப் புது உபயோகம் தேட 2010-ல இருந்து அவங்க கல்வி அமைச்சகமே ஒரு திட்டம் நடத்துது. ஆனா அது பிள்ளைகளே இல்லாமப் போன ஊரோட வழி. எங்க ஊர்ல பிள்ளைகள் இருக்காங்க, வேன்ல ஏறிப் போறாங்க. ரெண்டும் ஒண்ணில்லை.

பாப்பாரப்பட்டிக்காரங்களுக்கு இதுல ஒரு பழைய பாடமும் இருக்கு. சுப்பிரமணிய சிவா இங்கே பாரதாசிரமம் அமைச்சு, பாரதமாதா கோயில் கட்ட ஆசைப்பட்டார். 1923-ல சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-ல சிவா இங்கேயே காலமானார். அந்த ஆசை நிறைவேறக் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு. நம்ம காலத்துலதான் அரசு நினைவாலயம் கட்டுச்சு. இடம் எதுக்குன்னு ஊருக்கு ஞாபகம் இருந்தா, தாமதமானாலும் வேலை நடக்கும்.

அன்னைக்கு மரத்தடியில நான் கடைசியா பெரியவர்கிட்ட கேட்டேன்: "உங்க பேரன் எங்கங்க படிக்கிறான்?" அவர் பதில் சொல்லலை. நானும் மேல கேட்கலை. எனக்கு அந்த உரிமை இல்லை; என் பையனும் மஞ்சள் வேன்ல போனவன்தான். பள்ளிக்காகச் சண்டை போட்டவங்க பிள்ளையும், குடோன் கேட்டவர் பிள்ளையும் ஒரே வேன்ல போனா, அந்தப் பள்ளியை மூடுறது அரசாங்கம் மட்டும் இல்லைங்க.

என் கருத்து இதுதான்: சாயங்காலம் நூலகம் வைக்கலாம், அங்கன்வாடியைச் சேர்த்துக்கலாம், காலைச் சிற்றுண்டி அங்கேயே சாப்பிடட்டும். பலகையில பள்ளிங்கிற பேரும், பதிவேடும், ஒரு ஆசிரியரும் இருக்கணும். குடோனுக்கு வேற இடம் பார்க்கலாம்.

அறுப்புக்கு ஆள் கிடைக்கலை. நாளைக்கு மறுபடி அந்த வழியாத்தான் போகணும்.