தொண்டும் தூதும்

தொண்டு செய்ய முன்வருவோர்க்கு முதற்கண் வேண்டுவது மனம். அதற்கு அடுத்தபடியாக வேண்டுவது ஊராரைச் சென்று சேரும் வழி. எத்துணை உயர்ந்த நோக்கமுடைய இயக்கமாயினும், அதன் குரல் உரியவர் செவியை எட்டாவிடின், நாற்சுவருக்குள் நடந்த கூட்டமாகவே அது முடிந்துபோகும். மலேசியத் தமிழர்தம் பொதுவாழ்வில் அக்குரல் காலந்தோறும் வெவ்வேறு ஊர்தியில் ஏறிச் சென்றிருக்கிறது. கால்நடையாய்ச் சென்றது ஒரு காலம். நாளிதழில் ஏறிச் சென்றது ஒரு காலம். இன்று கைப்பேசியில் பறந்து செல்கிறது. ஊர்தி மாறிய ஒவ்வொரு முறையும் மாறாது நின்றது யாது என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்கு, ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங் நகரில் 2019-ஆம் ஆண்டு நேர்ந்த துயரம் தக்கதொரு தொடக்கமாகும்.

பாசிர் கூடாங் ஜொகூர் நீரிணையின் கரையில் அமைந்த தொழில் நகரம். 'கூடாங்' என்னும் மலாய்ச் சொல் தமிழின் 'கிடங்கு' என்னும் சொல்லோடு உறவுடையது என்பர். தோட்டங்களும் மீனவர் குடியிருப்புகளும் சூழ்ந்திருந்த இவ்விடம், 1970-களில் ஜொகூர் மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் முயற்சியால் தொழிற்பேட்டையாக உருப்பெற்றது. 1977-இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. இரசாயன ஆலைகளும் எண்ணெய்க் கிடங்குகளும் பெருகின. அவற்றின் அருகிலேயே குடியிருப்புகளும் பள்ளிகளும் பெருகின. 2020 நவம்பர் 22-ஆம் நாள் இந்நகர் மாநகரத் தகுதியும் பெற்றது.

இவ்வளர்ச்சியின் மறுபக்கம் 2019 மார்ச் 7-ஆம் நாள் வெளிப்பட்டது. கிம் கிம் ஆற்றில் இரகசியமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவினின்றும் எழுந்த நச்சுக்காற்று, முதலில் அருகிலிருந்த பள்ளிகளின் மாணவரைத் தாக்கியது. மூச்சுத்திணறலும் வாந்தியும் மயக்கமுமாய்ப் பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சில நாள்களில் நிலைமை அடங்கியதுபோல் தோன்றியது. ஆனால் மார்ச் 11-ஆம் நாள் இரண்டாம் அலையாகப் பாதிப்பு பன்மடங்கு பெருகியது. நகராண்மைக் கழகத்தின் உள்ளரங்கு மருத்துவத் தளமாக மாற்றப்பட்டது. சிகிச்சை நாடியோர் தொகை ஆயிரக்கணக்கைத் தொட்டது. முதலில் சில பள்ளிகளே மூடப்பட்டன. நாளுக்கு நாள் அவ்வெண்ணிக்கை ஏறி, மார்ச் 13 அன்று வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூடக் கல்வி அமைச்சு ஆணையிட்டது.

அந்நாள்களில் ஒவ்வொரு பெற்றோர்க்கும் எழுந்த வினாக்கள் எளியவை: பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா? எந்தத் தெரு ஆபத்தானது? முகக்கவசம் எங்கே கிடைக்கும்? விடைகள் முகநூலிலும், புலனம் எனப்படும் வாட்ஸ்அப்பிலும் நொடிக்கு நொடி வந்து குவிந்தன. அவற்றுள் மெய்யும் இருந்தது, வதந்தியும் இருந்தது. உறுதி செய்யப்படாத செய்திகளைப் பரப்ப வேண்டா என அதிகாரிகள் பொதுமக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை ஏற்பட்டது.

வதந்தியினும் நுட்பமானதோர் இடர் அங்கே மறைந்திருந்தது. மூடப்பட்ட பள்ளிகளின் பட்டியல் நாள்தோறும் நீண்டுகொண்டிருந்ததால், காலையில் மெய்யாயிருந்த பட்டியல் மாலையில் பொய்யாகிவிடக்கூடும். நாளும் நேரமும் குறிக்கப்படாமல் அப்பட்டியல் மறுநாளும் கைம்மாறிச் சென்றால், அதனை நம்பும் தாய், மூடப்பட வேண்டிய பள்ளியின் வாயிலில் தன் பிள்ளையை விட்டுச் செல்வாள். பொய்யுரைக்க எண்ணிய தீயவர் எவரும் அங்கில்லை. உதவ எண்ணிய நல்லவரே தவற்றுக்குக் காரணராகின்றனர். தொண்டர்கள் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி இது.

இந்நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன்புதான், 1924-இல் தோன்றிய 'தமிழ் நேசன்' நாளிதழ் தன் வெளியீட்டை நிறுத்தியிருந்தது. ஓர் ஊர்தி ஓய்ந்து மற்றோர் ஊர்தி ஓடத் தொடங்கிய காலத்தின் அடையாளமாக இதனைக் கொள்ளலாம். ஆதலின், முந்தைய ஊர்திகளைத் தொண்டர்கள் எவ்வாறு செலுத்தினர் என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பொருந்தும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், 1945 முதல் 1947 வரையிலான காலத்தில், கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் 'தொண்டர் படை' என்றோர் இயக்கம் எழுந்தது. அதனை முன்னின்று நடத்தியவர் ஏ. எம். சாமி. இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி பெற்ற பலர் அதிற் சேர்ந்தனர். தோட்டப் பாட்டாளியின் ஊதியத்தையும் உடல்நலத்தையும் விழுங்கிக்கொண்டிருந்த கள்ளை ஒழிப்பதே அவர்தம் தலையாய நோக்கம். எழுதப் படிக்கத் தெரியாதார் மிக்கிருந்த அக்காலத் தோட்டப்புறத்தில் துண்டறிக்கையால் விளையும் பயன் சிறிது. ஆதலின் தொண்டரே செய்தியாயினர். லயங்களில் சென்று பேசினர்; கள்ளுக்கடை வாசலில் நின்று மறித்தனர். 1947-இல் காவல்துறையினரோடு நேர்ந்த மோதல்களில் உயிர்கள் பலியாயின, படையும் ஒடுக்கப்பட்டது. எனினும் ஒன்று கருதத்தக்கது. அச்செய்தியைச் சொன்னவர் யார் என்பது கேட்டவர் அனைவர்க்கும் தெரியும். சொல்லின் விளைவைச் சொன்னவரே தம் உடலால் ஏற்றார்.

நாளிதழ்க் காலம் வேறொரு பாடத்தைத் தருகின்றது. 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான கோ. சாரங்கபாணி 1935-இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். 1950-களின் தொடக்கத்தில் அவ்விதழ் மாணவர்க்கென ஒதுக்கிய பக்கத்தை ஒட்டி 'மாணவர் மணிமன்றம்' உருவாயிற்று. இதழில் எழுதிய இளைஞர், எழுதுவதோடு நில்லாமல் ஊர்தோறும் மன்றங்கள் அமைத்தனர்; மலேசியாவில் அவ்வழியே தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் வளர்ந்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்குத் தமிழ் நூலகம் அமைக்க எழுந்த 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கும் சாரங்கபாணியே முன்னின்றார். அத்துறை 1956-இல் தொடங்கப்பெற்றது. இதழ் அழைத்தது, ஆயினும் வீடுவீடாய்ச் சென்று வெள்ளியைத் திரட்டியவர் தொண்டர்களே. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களை இதழில் பொறித்தல் வேண்டும் என்பது சட்டம். பிழையானால் யாரைக் கேட்பது என்பதும் வாசகர்க்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் ஊர்தியில் தமிழ் ஏறுவதற்கே பெருமுயற்சி வேண்டியிருந்தது. கைப்பேசியில் தமிழ் எழுத்து தோன்றாதிருந்த காலத்தில், 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். மலேசியரான முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கினார். 2005-இல் அவருடைய 'செல்லினம்' வழியே கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி புறப்பட்டது. தாய்மொழியில் உடனடியாக ஊரை எச்சரிக்கும் ஆற்றல் இன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறதென்றால், அது இத்தகையோர் உழைப்பின் பயன்.

இவ்வாற்றலின் பெருமையும் குறையும் ஒருங்கே விளங்கிய நிகழ்ச்சி, 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளம். படகு வேண்டுவோரையும் உணவு தருவோரையும் இளைஞர் இணையத்தின் வழியே இணைத்தனர். நீர் சூழ்ந்த தெருக்களை வரைபடத்தில் குறித்தனர். ஆனால் உதவி கிடைத்த பின்னரும் பழைய வேண்டுகோள்கள் சுற்றிக்கொண்டேயிருந்தன. செய்தியைத் தொடங்கத் தெரிந்தவர் பலர். முடிக்கத் தெரிந்தவர் சிலரே.

மலேசியாவில் 2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டபோது, எழுத்தாளர் ஹன்னா அல்காஃப் 'கித்தா ஜாகா கித்தா' என்னும் முயற்சியைத் தொடங்கினார். நம்மை நாமே காப்போம் என்பது அதன் பொருள். உதவி வேண்டுவோர் தம் பகுதியில் உதவுவோரைக் கண்டறியும் வண்ணம் தொண்டு அமைப்புகளை அது ஒரே இடத்தில் தொகுத்துத் தந்தது. 2021 ஜூன் இறுதியில் வெள்ளைக்கொடி இயக்கம் பரவிற்று. உணவின்றித் தவிப்போர் வாயிலில் வெண்துணி ஒன்றைக் கட்டினால் போதும். அக்கம்பக்கத்தார் வந்து பார்ப்பர். அழைப்பு பரவியது சமூக ஊடகத்தில். ஆயினும் அடையாளம் துணியாக இருந்தது. கைப்பேசி இல்லாதவரும், எழுதத் தெரியாதவரும், வாய்விட்டுக் கேட்க நாணியவரும் அதனால் பயன்பெற முடிந்தது. புதிய ஊடகமும் பழைய அண்டை உறவும் கைகோத்த இடம் அது.

இவற்றை ஒருசேர நோக்கின் ஓர் உண்மை புலப்படும். ஊர்தி எதுவாயினும், தொண்டியக்கத்தின் முதல் செல்வம் அதன் சொல்மீது ஊரார் வைத்த நம்பிக்கையே. தொண்டர் படையினரின் சொல்லுக்கு முகம் இருந்தது. நாளிதழின் சொல்லுக்கு முகவரி இருந்தது. பலமுறை கைம்மாறி வரும் புலனச் செய்திக்கு இரண்டும் இல்லை. இல்லாத அவ்விரண்டையும் சேர்த்தளிப்பதே இன்றைய இயக்கத்தின் கடமை. செய்தியின் தலையில் நாளும் நேரமும், அடியில் இயக்கத்தின் பெயரும், எங்கிருந்து பெறப்பட்டது என்னும் குறிப்பும் இடம்பெறுதல் வேண்டும். பொறுப்பாளர் ஒருவர் சரிபார்த்த பின்னரே அது வெளியேற வேண்டும். பிழை நேர்ந்தால், முந்தைய செய்தி சென்ற வழியெல்லாம் திருத்தமும் செல்ல வேண்டும். பணி நிறைவேறியதும் நிறைவேறியது என அறிவித்தல் வேண்டும். பல மொழியினர் வாழும் பாசிர் கூடாங் போன்ற நகரில், மலாயிலும் தமிழிலும் சீனத்திலும், அயல்நாட்டுத் தொழிலாளர் மொழிகளிலும் அச்செய்தி கிடைத்தல் வேண்டும். இவையனைத்துக்கும் மேலாக, கைப்பேசி எட்டாத கதவைத் தட்டுதற்கு ஒரு தொண்டர் நடந்து செல்ல ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

ஆபத்து வந்த பின்னர் இவற்றைக் கற்க நேரம் இராது. பாசிர் கூடாங்கிலேயே, கிம் கிம் ஆறு தூய்மைப்படுத்தப்பட்டுச் சில மாதங்களுள், அவ்வாண்டு ஜூனில் மீண்டும் மாணவர் மூச்சுத்திணறலுக்கு ஆளாயினர். பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. மறுமுறை வாராது என்று எவரும் உறுதி கூறவியலாது. ஆதலின் அமைதிக் காலத்திலேயே ஊரார்க்கு அறிமுகமாகி, சிறு செய்திகளிலும் மெய்ம்மை காத்துப் பழகிய இயக்கமே இடுக்கண் காலத்தில் கேட்கப்படும். மாணவர்க்கு மொழி கற்பிக்கும் ஆசிரியர், கடிதத்தில் நாளும் இடமும் எழுதப் பழக்குவது வெறும் மரபுக்காக அன்று. யார், எப்போது, எங்கிருந்து சொன்னார் என்பதை விடாது குறிக்கும் அச்சிறு பழக்கமே, ஒருநாள் ஒரு பிள்ளையை நச்சுக்காற்று வீசும் வாயிலுக்குச் செல்லாது தடுத்து நிறுத்தக்கூடும்.