யானைக்கு எப்ப பென்சன்?

தெஹிவளை ஸூவைப் பற்றி யாரோடு கதைத்தாலும் கதை கடைசியில் வந்து நிற்கிற இடம் யானை டான்ஸ்தான். வெள்ளவத்தைக்காரருக்கு அது பக்கத்து வீட்டு விசயம்: காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் அடுத்த ஊர். கொட்டாஞ்சேனையில் இருந்து வருகிற குடும்பத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் எண்டு எங்கிருந்து ஸ்கூல் ரிப் வந்தாலும் அட்டவணையில் அது இருக்கும். பின்னேரம் ஐந்து மணியை ஒட்டி வட்டமான திடலைச் சுற்றிச் சனம் கூடும். யானைகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும், பின்னங்காலில் நிற்கும், ஸ்டூலில் குந்தும், மௌத் ஓர்கன் ஊதும், முழங்காலிட்டுச் சலாம் போடும். பல தசாப்தங்களாக இதே ஐட்டங்கள்.

இந்த மாதிரிக் காட்சியை என்ன செய்வது எண்ட கேள்வி எங்கட கூட்டத்தில் எழும்பும்போதெல்லாம் இரண்டு கட்சி பிரிகிறது. ஒரு கட்சி, “நவீனப்படுத்துங்கோ” என்கிறது: சங்கிலியை மறையுங்கோ, ஸ்டூலை எடுங்கோ, மூன்று மொழியிலும் விளக்கம் சொல்லுங்கோ, கல்வி நிகழ்ச்சியாக்குங்கோ. மற்றக் கட்சி, “மூடுங்கோ” என்கிறது. நாங்கள் இரண்டாவது கட்சிக்குக் கிட்டத்தான் நிற்கிறோம். ஆனால் ‘மூடுங்கோ’ எண்டு சொல்வதோடு விசயம் முடியவில்லை. இந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அது ஏன் எண்டு விளங்கும்.

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது அல்ல. அது ஒரு ஏற்றுமதி வியாபாரியின் ஸ்டோர். ஜோன் ஹாகன்பெக் என்கிற ஜேர்மன்காரர் கொழும்பில் நெடுங்காலம் இருந்தவர். ஹம்பர்க்கில் உலகத்தின் மிகப் பெரிய மிருக வியாபாரத்தை நடத்திய கார்ல் ஹாகன்பெக்கின் ஒன்றுவிட்ட வழியில் அல்ல, ஒரே தகப்பனுக்குப் பிறந்த தம்பி. இங்கே பிடித்த மிருகங்களை ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற்றும்வரை கட்டிவைத்துத் தீனி போட இடம் வேண்டும். 1920களில் தெஹிவளையில் இருந்தது அந்த இடம். பிறகு அது கம்பனியாகி, காட்சிச்சாலையாகி, கம்பனி படுத்துப்போக, 1936இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அப்போது அது 11 ஏக்கர். இன்றைக்கும் 20 ஏக்கர் சொச்சம்தான்.

கார்ல் அண்ணரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கட ‘நவீனப்படுத்துங்கோ’ கட்சியின் ஆதிகுரு அவர்தான். சர்க்கஸில் மிருகத்தை அடித்துப் பழக்கிய காலத்தில், அடிக்காமல் தீனி கொடுத்துப் பழக்கலாம் என்று காட்டி அதையே விளம்பரமாக்கினார். 1907இல் ஹம்பர்க்குக்குப் பக்கத்தில் ஸ்டெல்லிங்கனில் கம்பிக்கூடு இல்லாத மிருகக்காட்சிச்சாலையைத் திறந்தார். கம்பிக்குப் பதிலாகப் பார்வையாளர் கண்ணில் படாத அகழி. உலகமே கைதட்டியது. இதே மனிதர்தான் 1880களில் இலங்கையில் இருந்து யானைகளோடு மனிதர்களையும் கூட்டிக்கொண்டுபோய், ஐரோப்பிய நகரங்களில் ‘சிலோன் கிராமம்’ போட்டு ரிக்கட் விற்றவர். கூத்தாடிகள், பாகர்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லாரும் அந்த வேலிக்குள்தான். ஆக, காட்சியை மென்மையாக்குவதும் கம்பியை மறைப்பதும் இந்தத் தொழிலுக்குப் புதுசு இல்லை. தொழில் பிழைத்து வந்ததே அப்படித்தான். ஒவ்வொரு தலைமுறையின் மனச்சாட்சி எவ்வளவு கேட்டதோ, அவ்வளவு மட்டும் அலங்காரம் மாறியது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் செய்தது எண்டு சொல்லித் தப்ப எங்களுக்கு இடமில்லை. ஆனையிறவு என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கோ. வன்னிக் காட்டில் பிடித்த யானைகள் குடாநாட்டுக்குள் இறங்கிய வழி அது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிமைகள் வருசா வருசம் திறையாகக் கொடுக்க வேண்டியது யானை. யாழ்ப்பாணத்தில் ஏலம் நடக்கும். கோல்கொண்டாவில் இருந்தும் வங்காளத்தில் இருந்தும் சோழமண்டலக் கரையில் இருந்தும் வியாபாரிகள் வருவார்கள். ஊர்காவற்றுறையில் கப்பல் ஏற்றுவார்கள். ‘கயிற்ஸ்’ என்கிற பெயரே, யானை ஏற்றிய துறையைப் போர்த்துக்கீசர் அழைத்த பெயரின் மிச்சம் என்பார்கள். ஹாகன்பெக் வந்து தெஹிவளையில் கொட்டில் போட முந்தியே, யானையைப் பிடித்துப் பழக்கி விற்கிற ஒரு முழு ஏற்பாடு இந்தத் தீவில் இருந்தது. பழக்கிய யானை சலாம் போடுவது வாங்க வந்தவனுக்குக் காட்டுகிற சரக்குப் பரிசோதனை. “பாருங்கோ, சொன்னது கேட்கும்.” தெஹிவளையில் யானை முழங்காலிட்டபோது நாங்கள் கைதட்டியதும் அந்தப் பழைய வியாபார வாக்கியத்துக்குத்தான்.

சரி, இங்கே ஒரு யானைக் காட்சியை எப்போதாவது ஓய்வுக்கு அனுப்பியிருக்கிறோமா? அனுப்பியிருக்கிறோம். அதை ஏன் யாரும் இந்த விவாதத்தில் இழுப்பதில்லை என்று தெரியவில்லை.

ஆங்கிலேயர் ‘கிரால்’ என்று சொன்ன யானைப்பட்டி வெறும் வேட்டை முறை அல்ல, பெரிய திருவிழா. காட்டைச் சுற்றி ஆட்களை நிறுத்தி, பறை அடித்து, தீப்பந்தம் பிடித்து, கூட்டம் கூட்டமாக யானைகளைப் பட்டிக்குள் தள்ளுவார்கள். பார்க்கப் பரண் கட்டியிருக்கும். 1870களில் விக்டோரியா மகாராணியின் பிள்ளைகள் வந்தபோது அவர்களுக்கெண்டே கிரால் நடத்தினார்கள். கடைசிக் கிரால் 1950 ஓகஸ்டில், இரத்தினபுரி மாவட்டத்தில் பனாமுரையில். அகப்பட்ட கூட்டத்தின் கொம்பன் அடங்கவில்லை. மற்ற யானைகளுக்குக் கயிறு போட யாரையும் கிட்ட விடவில்லை. சுட்டுக் கொன்றார்கள். அந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்து நாடு முழுவதும் பரவியது. சிங்களத்தில் அந்த யானையை ராஜாவாகப் பாடிய பாட்டு இன்றைக்கும் சனத்துக்குத் தெரியும். அதற்குப் பிறகு கிராலைச் சட்டத்தால் நிறுத்தினார்கள்.

நூற்றாண்டுக்கணக்கான ‘பாரம்பரியம்’, அரச குடும்பம் பார்த்த காட்சி, செல்வாக்கான வளவுக்காரர்கள் நடத்திய நிகழ்வு. சுதந்திரம் கிடைத்து இரண்டு வருசத்தில் அது போனது. கிராலை இன்னும் மனிதாபிமானமாக நடத்தலாமே எண்டு அதைக் காப்பாற்ற முடியவில்லை. பனாமுரையில் நடந்ததைக் கேட்ட பிறகு பரணில் ஏறியிருந்து பார்க்கச் சனத்துக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

வெளியில் நடந்ததில் இரண்டு மூன்றை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறோம். லண்டன் ஸூவில் சிம்பன்சிகளை மேசையில் இருத்தித் தேநீர் விருந்து வைப்பது 1926இல் தொடங்கி 1972வரை ஓடியது. சிம்பன்சிகள் கோப்பையைச் சரியாகப் பிடித்துக் குடிக்கப் பழகிவிட்டதால் சனம் சிரிக்கவில்லையாம். பிறகு குழப்படி செய்யவும் பழக்கினார்களாம். அமெரிக்காவில் ரிங்லிங் சர்க்கஸ் 2016 மே மாதத்தோடு யானைகளை நிறுத்தியது. அடுத்த வருசம் ரிக்கட் விற்பனை விழுந்து சர்க்கஸே மூடியது. 2023இல் மிருகமே இல்லாமல் திரும்பி வந்தது. ஜேர்மனியின் ரொன்காலி சர்க்கஸ் யானையை ஒளிப்படிமமாக வட்டத்துக்குள் கொண்டுவந்தது. சீவேர்ல்ட் வேறு வழி எடுத்தது: சான் டியேகோவில் ஓர்கா திமிங்கிலக் கேளிக்கைக் காட்சியை 2017இல் எடுத்துவிட்டு, அதே திமிங்கிலத்தை அதே தொட்டியில் வைத்து ‘கல்வி’ காட்சி போட்டது. பின்னணியில் மலையும் மரமும். கார்ல் ஹாகன்பெக் பார்த்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.

இந்த வரிசையில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது ரிங்லிங். மூடினதுக்காக அல்ல. யானைகள் போக ஒரு இடம் இருந்தது என்பதற்காக. புளோரிடாவில் அவர்களிடம் காணி இருந்தது. பிறகு 2021 அளவில் அந்த யானைகளில் பல, ஆயிரக்கணக்கான ஏக்கர் கொண்ட இன்னொரு பாதுகாப்பு இடத்துக்குப் போயின.

காட்சியை நிறுத்துவது சுலபம். அதிகாரி ஒருவர் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்தால் போதும். அடுத்த நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு அந்த யானை என்ன செய்யும்? சங்கிலியில் நிற்கிற யானைக்குக் காட்சிதான் பல வேளைகளில் நாளில் நடக்கக் கிடைக்கிற சந்தர்ப்பம், காலை மடக்கி நீட்டக் கிடைக்கிற சந்தர்ப்பம், மற்ற யானையைத் தொடக் கிடைக்கிற சந்தர்ப்பம். கொடுமையான உண்மை இது. காட்சியை எடுத்துவிட்டுச் சங்கிலியை விட்டால், நாங்கள் பேஸ்புக்கில் வெற்றி எண்டு போடுவோம், யானைக்கு இருந்த அரை மணித்தியாலமும் போகும். இந்த இடத்தில் எங்கட கட்சியும் மறு கட்சியும் ஒரே பிழையைத்தான் விடுகின்றன. இரண்டும் திடலை மட்டும் பார்க்கின்றன. மிச்ச இருபத்துமூன்றரை மணித்தியாலத்தை யாரும் கதைப்பதில்லை.

பாகனையும் மறக்கக்கூடாது. விமர்சனம் எழுதுகிற எல்லாரும் முதலில் குற்றம் சாட்டுவது கையில் அங்குசம் (சிங்களத்தில் ஹெந்துவ) வைத்திருக்கிற அந்த மனிதரைத்தான். யானையோடு ஒரே தரையில் நின்று வேலை செய்யச் சொன்னால் அந்தக் கொக்கி இல்லாமல் அவரால் உயிரோடு வீடு போக முடியாது. 1990களில் இருந்து மேற்கு நாட்டு ஸூக்கள் மெல்ல மெல்ல வேறு முறைக்குப் போயின. யானைக்கும் ஆளுக்கும் இடையில் தடுப்பு. யானை தானே வந்து காலைத் தூக்கித் தடுப்பில் வைக்கும், நகம் வெட்டுவார்கள், காதில் இரத்தம் எடுப்பார்கள், பழம் கொடுப்பார்கள். வராவிட்டால் வராதுதான். பழக்குவதே பாவம் எண்டு நாங்கள் நினைக்கவில்லை. சிறையில் இருக்கிற யானையின் பாதம் அழுகாமல் இருக்கப் பழக்கம் தேவை. ‘புதுப்பிப்பது’ என்ற சொல்லுக்கு ஏதாவது நேர்மையான அர்த்தம் இருந்தால் அது இதுதான். ஆனால் அதற்குக் கட்டடம் வேண்டும், காசு வேண்டும், பாகனுக்கு மறுபயிற்சியும் நிரந்தரச் சம்பளமும் வேண்டும்.

இடமும் வேண்டும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. தெஹிவளையின் பணிப்பாளராக இருந்த லின் டி அல்விஸ்தான் சிங்கப்பூர் ஸூவைத் திட்டமிட உதவிய ஆலோசகர். 1973இல் திறந்த அந்த ஸூ, அகழிகளோடு கூடிய திறந்தவெளி அமைப்புக்கு இன்றும் பேர்போனது. திறமை இங்கிருந்து போனது. தெஹிவளை மட்டும் வீடுகளுக்கு நடுவில் இறுகிக்கொண்டே வந்தது. 1975இல் பின்னவலையில் யானைக் குட்டிகளுக்கான இல்லம் தொடங்கியதும், 2015இல் அங்கே புதிய ஸூ திறந்ததும், 2016இல் அம்பாந்தோட்டை ரிதியகமவில் 500 ஏக்கர் அளவில் சபாரி பூங்கா திறந்ததும் இந்த நெருக்கடிக்குப் பதில்களாகத்தான். காணி இல்லை எண்ட பேச்சு இனி எடுபடாது. தூரம்தான் பிரச்சினை. கொட்டாஞ்சேனையில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிற குடும்பம் ரிதியகமவுக்குப் போய்வரச் செலவழிக்கிற காசுக்குத் தெஹிவளைக்குப் பல தடவை போகலாம். உடவளவை ஜீப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் 5,879 காட்டு யானைகள் இருந்த நாட்டில், கொழும்பின் ஏழைப் பிள்ளைக்கு யானை எண்டால் நவம் பெரஹராவும் தெஹிவளையும்தான். ‘மூடுங்கோ’ எண்டு சொல்கிற எங்களில் பலர் மின்னேரியா பார்த்தாச்சு. அந்தப் பிள்ளை பார்க்கவில்லை. அதற்காக யானையை ஸ்டூலில் குந்த வைக்க முடியாது. ஆனால் பள்ளிக்கூடங்களுக்கு மானிய விலையில் பஸ் விடலாம்.

சட்டப் பக்கம் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். மிருகவதையைத் தடுக்க எங்களிடம் இருப்பது 1907ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம். ஸூவை விட மூத்தது. அதில் உள்ள தண்டப்பணம் 100 ரூபா; இன்றைக்கு வெள்ளவத்தையில் ஒரு கோப்பிக்கும் காணாது. புதிய விலங்குநலச் சட்டமூலம் 2006இல் வரையப்பட்டு, 2016இல் அமைச்சரவை அங்கீகாரமும் பெற்றுப் பிறகு இழுபட்டுக்கொண்டு போனது. இடையில் 2021 ஓகஸ்டில் பழக்கிய யானைகளுக்கெண்டு ஒரு வர்த்தமானி வந்தது: நாளுக்கு இரண்டரை மணித்தியாலம் குளிப்பாட்ட வேண்டும், மரம் இழுக்கிற யானைக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல் வேலை கூடாது, இரவு வேலை கூடாது, வேலைநேரத்தில் பாகன் குடிக்கக்கூடாது. அது எவ்வளவு அமுலாகிறது எண்ட கேள்வி வேறு. ஆனால் யானையின் நாளை மணித்தியாலக் கணக்கில் எழுத முடியும் எண்டு அரசாங்கமே அதில் காட்டிவிட்டது.

ஆகவே எங்கட கூட்டத்தில் கடைசியாக ஒத்துக்கொண்ட கோரிக்கை மிகச் சின்னது. யானைக் காட்சி வைக்கிற எந்த இடமாக இருந்தாலும், ரிக்கட் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட வேண்டும். யானை ஒவ்வொன்றின் பெயர், வயது, நேற்று அது சங்கிலி இல்லாமல் இருந்த மணித்தியாலம், எந்த ஆண்டு எந்தக் காணிக்கு ஓய்வில் போகிறது. தமிழ், சிங்களம், ஆங்கிலம், மூன்றிலும்.