பழைய ஊர்தியும் வரலாற்றுக் கடமையும்

வரலாற்றுச் சான்று என்றவுடன் கல்வெட்டும், செப்பேடும், பழங்காசும், இடிந்த கோட்டையும் நம் நினைவுக்கு வருகின்றன. மோட்டார் வண்டி ஒன்று எவர் நினைவுக்கும் வருவதில்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் எஞ்சினையும் சக்கரத்தையும் விலக்கிவிட்டு எழுத இயலாது. அவையும் அந்நூற்றாண்டு நமக்கு விட்டுச் சென்ற ஆவணங்களே. ஆவணம் சிதைந்தால் அதனைச் செப்பனிட வேண்டும். செப்பனிடும்போது அதன் சொற்களை மாற்றிவிடக் கூடாது. இவ்விரண்டிற்கும் இடையே எழும் இடர்ப்பாட்டைக் குறித்தே இன்று மாணவ நண்பர்களாகிய உங்களிடம் பேச விரும்புகின்றேன். எடுத்துக்காட்டாக நான் கொள்வது, சாலையில்லாத இடத்திலும் செல்லவல்ல லேண்ட் ரோவர் என்னும் ஊர்தி.

இதன் கதை ஜீப்பிலிருந்து தொடங்குகின்றது. ஜீப்பை நம் நாட்டார் நன்கறிவர். என் இளமையில் எங்கள் பக்கத்துச் சிற்றூர்களுக்கு அரசு அலுவலர் வந்தால் பெரும்பாலும் ஜீப்பில்தான் வருவர். அவ்வண்டி பிறந்தது 1940ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டில். போர்க்களத்திற்கேற்ற சிறிய வண்டி ஒன்று வேண்டுமென்று அந்நாட்டுப் படைத்துறை கேட்க, பான்டம் என்னும் சிறு நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பரில் முதல் வண்டியைச் செய்து ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் போர் முடிவதற்குள் 6 இலட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. போர் முடிந்தது, வண்டிகள் எஞ்சின. அவற்றுள் ஒன்று இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்துத் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் என்பாரிடம் வந்து சேர்ந்தது.

வேல்ஸ் நாட்டை ஒட்டிய ஆங்கில்சித் தீவில் அவருக்குப் பண்ணை இருந்தது. அப்பண்ணை வேலைக்கு ஜீப் பெரிதும் பயன்பட்டது. அது தேய்ந்து போனால் வேறு எதனை வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. 1947ஆம் ஆண்டில் அவர் அத்தீவின் கடற்கரை மணலில் ஒரு புதிய வண்டியின் வடிவத்தை வரைந்து காட்டினார் என்று கூறுவர். மணலில் வரைந்த படத்தை அலை அழித்திருக்கும். அதன்பின் ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீது, ஓட்டுவோர் நடுவில் அமரும்படி ஒரு சோதனை வண்டி செய்தனர். அதுவும் இன்று இல்லை. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் லேண்ட் ரோவர் உலகிற்கு அறிமுகமாயிற்று.

அவ்வண்டியின் உடம்பை உற்று நோக்கினால் அக்காலத்து இங்கிலாந்தின் நிலை தெரியும். போருக்குப் பின் அங்கே எஃகுக்குத் தட்டுப்பாடு. ஆதலின் மேல் தகடுகளை அலுமினியக் கலவையால் செய்தனர். எளிதில் வளைக்கத்தக்க தட்டையான தகடுகளே மிகுதி. ஏனெனில் விலை உயர்ந்த அச்சுகளைச் செய்யப் பொருள் இல்லை. அடிச்சட்டத்தை எஃகுப் பட்டைகளை ஒன்றோடொன்று பற்றவைத்துப் பெட்டி வடிவில் அமைத்தனர். எஞ்சின் 1,595 கன செண்டிமீட்டர் கொள்ளளவும் ஏறத்தாழ 50 குதிரைத் திறனும் உடையது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தொலைவு 80 அங்குலம். ஜீப்பிற்கும் அதே அளவுதான். தந்தை யார் என்பதை மகனின் உடற்கட்டே சொல்லிவிடுகிறது அன்றோ!

இனி, இத்தகைய வண்டி பழுதாகும் முறையைக் காண்போம். அலுமினியம் இரும்பைப் போல் துருப்பிடிப்பதில்லை. ஆனால் அலுமினியமும் எஃகும் சேரும் இடத்தில் ஈரமும் உப்பும் புகுந்தால், அங்கே சிறு மின்கலம் ஒன்று அமைந்தது போலாகி, அலுமினியம் வெண்பொடியாக உதிர்கின்றது. பெட்டி வடிவச் சட்டத்தினுள் சேறும் நீரும் தங்குவதால் எஃகு உள்ளிருந்தே துருப்பிடிக்கின்றது. வெளியே உறுதியாகத் தோன்றும் சட்டம் சுத்தியலால் தட்டினால் ஓட்டையாகிவிடும். ஆகவே ஐம்பது, அறுபது ஆண்டு கடந்த வண்டியைச் செப்பனிடுவோர் முன் மூன்று வழிகள் தோன்றுகின்றன. ஒன்று, உள்ளது உள்ளவாறே காத்தல். இரண்டு, மீண்டும் ஓடும்படி செய்தல். மூன்று, முன்னினும் சிறந்ததாக மேம்படுத்துதல். மூன்றிற்கும் சான்றுகள் உண்டு.

ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்காகக் கொண்டுவரப்பட்ட மூன்று வண்டிகளுள் ஒன்று நெடுங்காலம் காணாமற் போயிருந்தது. 1960களில் சாலையைவிட்டு நீங்கிய அது, வேல்ஸ் நாட்டு வயல் ஒன்றில் இருபது ஆண்டுகள் அசையாமல் நின்று, பிற கருவிகளை இயக்கும் எஞ்சினாக மட்டும் பயன்பட்டது. பின்னர் அதனைச் செப்பனிட எண்ணி ஒருவர் வாங்கினார். பணி முடியாமல் அது ஒரு தோட்டத்தில் கிடந்தது. அத்தோட்டம், வண்டி பிறந்த சாலிஹல் தொழிற்சாலைக்குச் சில மைல் தொலைவிலேயே இருந்தது என்பது வியப்பு! அதனைச் செப்பனிடப் போவதாக அந்நிறுவனம் 2018ஆம் ஆண்டில் அறிவித்தது.

திருகுச் சாவியை எடுப்பதற்கு முன் அவர்கள் செய்த வேலை யாது? பல மாதங்கள் தங்கள் ஆவணக் காப்பகத்தில் அமர்ந்து, அவ்வண்டி யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பதை ஆராய்ந்தனர். 1948இல் பூசிய வெளிர்பச்சை வண்ணத்தையும், காலம் அதன்மேல் இட்ட தடங்களையும் அழிக்காமல் காப்பதென்றும் முடிவு செய்தனர். அதற்குத் தக்க காரணம் உண்டு. முறையான உற்பத்திக்கு முன் செய்யப்பட்ட 48 வண்டிகளில் அலுமினியத் தகடுகள் தடித்தவை; அடிச்சட்டம் துத்தநாக முலாம் பூசப்பட்டது; பின்பகுதித் தொட்டி கழற்றி எடுக்கத்தக்கது. பிற்கால வண்டியின் தகட்டை எடுத்து இதில் பொருத்தி, பளபளவென்று வண்ணம் பூசியிருந்தால் கண்ணுக்கு அழகாகவே இருந்திருக்கும். ஆனால் முதல் வண்டிகள் எவ்வாறு செய்யப்பட்டன என்பதற்கான சான்று அழிந்திருக்கும்.

இரண்டாவது வழிக்கு 'ஆக்ஸ்ஃபோர்டு' என்னும் பெயருடைய வண்டி சான்று. 1955ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்டனர். வண்டிகளுக்குத் தத்தம் பல்கலைக்கழகத்தின் பெயரையே சூட்டினர். கல்கத்தாவைக் கடந்து, இரண்டாம் உலகப் போரில் அமைக்கப்பட்ட லீடோ சாலை வழியே பர்மாவிற்குள் புகுந்து, 1956 மார்ச்சு 6ஆம் நாள் சிங்கப்பூரை அடைந்தனர். அவர்களுள் ஒருவரான டிம் ஸ்லெஸ்ஸர் அப்பயணத்தை நூலாக எழுதினார். 'கேம்பிரிட்ஜ்' வண்டி பின்னொரு பயணத்தில் பள்ளத்தில் வீழ்ந்து அழிந்தது. 'ஆக்ஸ்ஃபோர்டு' அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவேயுள்ள தீவுகளுக்குச் சென்று, உழைத்து, ஓய்ந்து, உப்புக் காற்றில் கிடந்தது. 2017ஆம் ஆண்டில் அதனைக் கப்பலேற்றி இங்கிலாந்திற்குக் கொண்டுவந்து மீண்டும் ஓடும்படி செய்தனர்.

2019 ஆகஸ்டில் அவ்வண்டி சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. ஸ்லெஸ்ஸர் தம் 87ஆம் வயதில் அதில் செல்ல ஆயத்தமாயிருந்தார். புறப்படும் வேளையில் நோயுற்றார். அவர் இருக்கையில் அவருடைய பேரன் அமர்ந்து சென்றார். டிசம்பரில் வண்டி இலண்டனை அடைந்தது. காட்சிச்சாலையில் கண்ணாடிக்குப் பின் வைத்திருந்தால் அதன் துரு காக்கப்பட்டிருக்கும். ஓடியதனால் அதன் பொருள் காக்கப்பட்டது. நெடுவழி செல்வதற்கென்றே பெயர் பெற்ற வண்டிக்கு ஓட்டமும் ஒரு சான்றன்றோ?

மூன்றாவது வழி மேம்படுத்துதல். லேண்ட் ரோவரின் பழைய மரபில் வந்த கடைசி வண்டி 2016 ஜனவரி 29ஆம் நாள் சாலிஹல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அதுவரை செய்யப்பட்டவை 20,16,933. மரபு தொடங்கி 70 ஆண்டு நிறைந்த 2018இல், அந்நிறுவனமே 'டிஃபெண்டர்' என்னும் வண்டிகளைத் திரும்பப் பெற்றுப் புதுக்கி விற்கத் தொடங்கியது. எண்ணிக்கை 150 மட்டுமே. எட்டு உருளைகளும் ஏறத்தாழ 400 குதிரைத் திறனும் கொண்ட எஞ்சின், தானே இயங்கும் கியர் பெட்டி, வலுவான பிரேக்குகள் ஆகியவற்றை அவற்றில் பொருத்தினர். முதல் வண்டியைப் போல் எட்டு மடங்கு ஆற்றல்! இதனைக் குறைகூற இடமில்லை. மேம்படுத்தியது இன்னது என்று அவர்கள் வெளிப்படையாகவே கூறினர். எவரும் அதனை 1948ஆம் ஆண்டின் வண்டி என்று மயங்கப் போவதில்லை.

மேம்பாடு சில வேளைகளில் கடமையும் ஆகும். பழைய லேண்ட் ரோவரின் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக்கு எண்ணெய் ஒரே சுற்றில் செல்லும். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் பயனற்றுப் போகும். பிற்காலத்தில் இச்சுற்றை இரண்டாகப் பிரித்தனர். ஒன்று கெட்டாலும் மற்றொன்று காக்கும். ஈயம் கலவாத பெட்ரோல் வந்தபின், பழைய எஞ்சினின் வால்வு இருக்கைகள் விரைவில் தேய்ந்தன. ஆகவே கடினமான வளையங்களை அங்கே பதித்தனர். தெருவில் நடக்கும் குழந்தையின் உயிரைவிட மூலப் பொருளின் தூய்மை பெரிதென்று எந்த வரலாற்று ஆசிரியனும் சொல்லமாட்டான், நானும் சொல்லமாட்டேன்.

அப்படியாயின் எல்லை எது? கிரேக்க அறிஞர் புளூடார்க் ஒரு கப்பலைப் பற்றிக் கூறுகின்றார். தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் காத்து வந்தனர். பலகை மக்க மக்கப் புதுப் பலகை வைத்தனர். கடைசியில் அது பழைய கப்பலா, வேறு கப்பலா என்று அறிஞர்கள் வழக்காடினர். பழைய ஊர்தியைப் பற்றியும் அதே வழக்கு எழுந்தது. பிரித்தானிய அரசின் வாகனப் பதிவுத் துறை பல ஆண்டுகள் இதற்கு மதிப்பெண் முறையைக் கையாண்டது. அடிச்சட்டத்திற்கு 5, வில்லமைப்பு, அச்சுகள், கியர் பெட்டி, திருப்பும் அமைப்பு ஆகியவற்றிற்குத் தலைக்கு 2, எஞ்சினுக்கு 1 மட்டுமே. எட்டு மதிப்பெண் பெற்றால் பழைய பதிவெண் நிலைக்கும். எஞ்சினையே வண்டியின் உயிர் என்று நாம் நினைக்கின்றோம். அரசு முதுகெலும்பையே பெரிதாக மதித்தது! தேர்வுத்தாள் திருத்திப் பழகிய எனக்கு இம்முறை மிக இனித்தது.

பழைய ஊர்திகளுக்கான உலகக் கூட்டமைப்பு ஒன்று 1966இல் தோன்றியது. அது 2012ஆம் ஆண்டு டூரின் சாசனம் என்பதனை ஏற்றது. ஊர்தியும் பண்பாட்டுச் செல்வமே என்றும், கூடுமானவரை குறைவாகவே கைவைக்க வேண்டும் என்றும், செய்த மாற்றங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் அது வலியுறுத்துகின்றது. இவற்றுள் தலையாயது மூன்றாவதே என்பது என் கருத்து. காத்தாலும் சரி, ஓட்டினாலும் சரி, மேம்படுத்தினாலும் சரி, மாற்றியதை மறைத்தல்தான் குற்றம். அரிய வண்டி ஒன்றின் எண் தகட்டைப் பெயர்த்து வேறொரு வண்டியில் பதித்து மிகுந்த விலைக்கு விற்பாரும் உலகில் உளர். வாங்குவோன் இழப்பது பணம். பின்வரும் தலைமுறை இழப்பது உண்மை. பொய்ச் செப்பேடு ஒரு மன்னனின் காலத்தையே மாற்றிவிடுவது போல, பொய்யாகப் புதுக்கிய ஊர்தி ஒரு தொழிலின் வரலாற்றையே திரித்துவிடும்.

வகுப்பில் எந்தப் பழம்பொருளைக் காட்டினாலும் நான் மாணவரிடம் மூன்று கேள்விகள் கேட்பதுண்டு. இது என்ன? எக்காலத்தது? அதனை நீ எவ்வாறு அறிந்தாய்? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையேல் முதலிரண்டு விடைகளும் வெறும் செவிவழிச் செய்திகளே. உங்கள் வீட்டில் பாட்டனார் ஓட்டிய ஜீப்பு இருக்கலாம். பழைய மிதிவண்டியோ, தையல் இயந்திரமோ, வானொலிப் பெட்டியோ இருக்கலாம். அதனைச் செப்பனிட விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் முதல் திருகைக் கழற்றும் முன் நாற்புறமும் நின்று புகைப்படம் எடுங்கள். எண்களை எழுதிக் கொள்ளுங்கள். கழற்றிய பழைய உறுப்பைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமல், நாளும் காரணமும் எழுதிய சீட்டுக் கட்டிப் பெட்டியில் வையுங்கள். செய்த மாற்றங்களை ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதுங்கள். என்றேனும் அப்பொருளை விற்க நேர்ந்தால், வாங்குவோர் கையில் அப்பெட்டியையும் குறிப்பேட்டையும் சேர்த்தே கொடுங்கள்.