டாக்குரியா ஏரியில் தண்டு வலித்தவர்கள்

நம்மவர்களுக்கு அது வெறும் 'லேக்'. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு கரையோரம் ஒரு நடை நடந்துவிட்டு வருவோம். ஊர்க்காரர்களுக்கு டாக்குரியா ஏரி. 1958 முதல் அரசுப் பெயர் ரவீந்திர சரோவர். அங்கே ஊசிபோல நீண்டு பாயும் பந்தயப் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் கதை கொஞ்சம் பழையது.

கல்கத்தா, சென்னை, பம்பாய்ப் பல்கலைக்கழகங்கள் மூன்றும் 1857இல் பிறந்தவை. அடுத்த ஆண்டே கல்கத்தா ரோயிங் கிளப் தோன்றிவிட்டது. சென்னையில் மெட்ராஸ் போட் கிளப் 1867இல் வந்தது. ஆனால் இவை வெள்ளைக்காரர் சங்கங்கள். நம் மாணவர்களுக்கு அங்கே என்ன வேலை? ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் 1829லேயே படகுப் பந்தயம் விட்டவை. அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே ஹூக்ளியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஹூக்ளியோ ஏற்றவற்றம் உள்ள ஆறு. வங்காளிகள் 'பான்' என்கிற அலை சுவர்போல எழும்பி வரும். மெல்லிய படகுக்கு அது ஒத்துவராது.

1920களில் கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் இந்தச் சதுப்பு நிலத்தில் ஏரி வெட்டியது. படகுக்காக அல்ல. பள்ளமான நிலத்தை மேடாக்கி மனை போட மண் வேண்டும், அதற்காக வெட்டினார்கள். மண் வீடாயிற்று, பள்ளம் ஏரியாயிற்று. வியாபாரியான எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்! எழுபது ஏக்கருக்கு மேல் அலையில்லாத தண்ணீர் கிடைத்ததும் சங்கங்கள் கரையேறின. லேக் கிளப் 1932இல் தொடங்கியது. கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கும் இங்கே தனி ரோயிங் கிளப் உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் பனியனோடு விடியற்காலையில் படகைத் தோளில் தூக்கி வருவது அப்படி வந்த வழக்கம்தான்.

இதற்குத் தமிழில் 'துடுப்புப் போடுதல்' என்று எழுதிவிடுகிறோம். கையில் பிடித்துத் தள்ளுவது துடுப்பு. படகிலே பூட்டி இழுக்கிற நீளக்கம்பு தண்டு. 'தண்டு வலித்தல்' என்று அகராதியிலேயே இருக்கிறது. எட்டுப் பேரும் முதுகுப்புறமாகத்தான் போவார்கள். எதிரே வருவதைப் பார்ப்பவர் காக்ஸ் ஒருவரே.

பார்வை இப்படி இருப்பதால் ஆபத்தும் உண்டு. 2022 மே 21 அன்று மாலை பயிற்சியில் இருந்த பள்ளிப் படகு கால்பைசாகி காற்றில் கவிழ்ந்து இரண்டு பையன்கள் இறந்துபோனார்கள். படகோட்டம் சில மாதம் நின்றது. புதிய பாதுகாப்பு விதிகளோடுதான் மறுபடி அனுமதி கிடைத்தது. சுற்றுச்சூழலுக்காக ஏரியில் பெட்ரோல் படகு விடக்கூடாது என்ற தடையால் மீட்புப் படகும் இல்லாமல் போயிற்று என்பது அப்போது எழுந்த வாதம். மீனும் பறவையும் வாழவேண்டும் என்பதில் சமணனான எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது. ஆனால் அந்த உயிர்க்கணக்கில் பிள்ளைகளும் சேர்த்திதானே? பேட்டரியில் ஓடும் படகு புகைவிடாது. சித்திரை, வைகாசியில் வடமேற்கே வானம் கறுத்தால் ஒரு படகும் தண்ணீரில் இருக்கக்கூடாது. பிள்ளைகளைச் சேர்க்கப் போகிற பெற்றோர், சந்தாத் தொகையைக் கேட்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் கேளுங்கள்.